பங்குனி வந்ததும் மேட்டூரில் மீன் எங்கே போகிறது? ஓடை வாயில் வலை காலியாக வருகிறது

கொளத்தூர் பையன்:

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் எட்டு வருடம் ஓவர்லாக் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஐப்பசியில் அப்பா தவறிவிட்டார். அவருடைய பரிசல், வலை, கூடை, கயிறு எல்லாம் திண்ணையில் கிடந்ததைப் பார்க்க மனசு கேட்கவில்லை. மீன்பிடி உரிமத்தை என் பேருக்கு மாற்றிக்கொண்டு, தை மாதத்திலிருந்து நானும் அம்மாவும் மேட்டூர் அணையின் பண்ணவாடித் துறையிலிருந்து தண்ணீருக்குப் போகிறோம்.

அம்மா இருபது வருடம் அப்பாவோடு பரிசலில் போனவர். துடுப்பு போடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் வலை விடும் இடம் அப்பாவின் கணக்கு. "இங்கே நிறுத்து" என்பார், அம்மா நிறுத்துவார். ஏன் அங்கே என்று அவர் சொன்னதுமில்லை, இவர் கேட்டதுமில்லை.

தையில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. ஓடை வந்து சேரும் இடத்தில் சாயங்காலம் வலை விட்டால் காலையில் பதினைந்து கிலோவாவது இருக்கும். கட்லா, ரோகு, நடுவில் ஒரு வாளை கூட வரும். மாசி கடைசியிலிருந்து அதே இடத்தில் நாலு கிலோ, ஐந்து கிலோ, அதுவும் முக்கால்வாசி ஜிலேபி மீன். தண்ணீர் தினமும் பின்னால் போகிறது. போன திங்கள்கிழமை தண்ணீர் ஓரத்தில் ஒரு முளைக்குச்சி அடித்துவைத்தேன். இந்தத் திங்கள்கிழமை அந்தக் குச்சியிலிருந்து தண்ணீருக்கு இருபது தப்படி. சரி, தண்ணீரோடு நானும் முன்னால் போவோம் என்று, அணைக்குள் மூழ்கிக் கிடக்கிற கோயில் பக்கமாக வலையை நகர்த்தினேன். இரண்டு தடவை எதிலோ மாட்டிக் கிழிந்துவிட்டது.

இன்னொன்று, ஆறு மணிக்கு வலை எடுத்தால் பாதி மீன் தொட்டாலே குழைகிறது. மீன் வாங்குகிற வியாபாரி கிலோவுக்கு நாற்பது ரூபாய் குறைத்துவிட்டார். கரையோரம் பச்சையாகப் பாசி படர்ந்து நாற்றமும் வர ஆரம்பித்திருக்கிறது.

அம்மாவுக்கு ஒரே ஒரு விஷயம்தான் நினைவிருக்கிறது. கோடை பிறந்தால் அப்பா, "ரெண்டு கோபுரமும் ஒண்ணாகட்டும், அது வரைக்கும் போ" என்பாராம். எனக்கு அர்த்தம் புரியவில்லை. மூழ்கிய கோயிலின் நந்தி முதுகு வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டது. இந்த நேரத்தில் வலையை எங்கே விடுவது, எத்தனை மணிக்கு எடுப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சேலம் தூண்டில்:

நான் வலைக்காரன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தூண்டிலோடு வந்து கரையில் உட்காருகிறவன். அதனால் ஓரத்தில் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

ஜிலேபி ஏன் இவ்வளவு வருகிறது என்பதற்குக் கரையிலேயே விடை இருக்கிறது. போன வாரம் தண்ணீர் வடிந்த சேற்றில் நடந்து போனேன். தாம்பாளம் அளவுக்கு வட்ட வட்டமாகப் பள்ளம், கூட்டிப் பெருக்கி வைத்த மாதிரி. ஒரு இடத்தில் எண்ணினேன், முப்பத்தொன்று இருந்தது. எல்லாம் ஆண் ஜிலேபி வாயால் மண்ணை அள்ளித் தோண்டியது. பெண் அதில் முட்டையிட்டு உடனே வாயில் கவ்விக்கொண்டு போய்விடும்; குஞ்சு பொரிவது வாய்க்குள்தான். அதனால் தண்ணீர் இறங்கிப் பள்ளம் காய்ந்தாலும் அதற்கு நஷ்டம் இல்லை, நாலு அடி தள்ளிப் புதுசாகத் தோண்டும். மற்ற மீன்கள் ஓரத்தை விட்டுப் போன பிறகும் அது ஓரத்திலேயே நிற்பது அதனால்தான். நீங்கள் இன்னும் ஓரத்தில்தான் வலை விடுகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

தூண்டிலுக்கு இப்போது காலை ஐந்தரையிலிருந்து எட்டு மணி வரைதான் நேரம். அப்புறம் சாயங்காலம் வெயில் தாழ்ந்து ஒரு மணி நேரம். நடுவில் எதுவும் தொடாது.

கோட்டையூர் பரிசல்:

தம்பி, அப்பா போன செய்தி எனக்குத் தெரியாது. பண்ணவாடித் துறையில் பார்த்திருப்பேன், பேர் தெரியாமல் முகம் தெரிந்தவர்கள் நிறையப் பேர். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லு.

அந்தக் கோபுரக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், உன் கேள்விக்குப் பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

அணை கட்டி முடிந்தது 1934-ல். அதற்கு முன்னால் அங்கே இருந்த ஊர், வயல், கிணறு, கோயில் எல்லாம் அப்படியே தண்ணீருக்குள் போனது. மட்டம் இறங்கும்போது முதலில் கிறிஸ்தவக் கோயிலின் இரட்டைக் கோபுரம் தலை காட்டும், அப்புறம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி. சாதாரணமாகப் பார்த்தால் கோபுரம் இரண்டும் தனித்தனியாக நிற்கும். பரிசலைப் பக்கவாட்டில் கொண்டு போகப் போக ஒன்று இன்னொன்றுக்குப் பின்னால் மறைந்து, ஒரே கோபுரம் மாதிரித் தெரியும். அதுதான் உங்கப்பா சொன்ன "ஒண்ணாகிறது". அந்த இடத்தில் நீ ஒரு நேர்கோட்டில் நிற்கிறாய் என்று அர்த்தம். தையில் கோபுரமே தண்ணீருக்குள் இருக்கும்; அப்போது அவர் வேறு குறி வைத்திருப்பார். கோடைக்கு மட்டும் இந்தக் குறி. அதனால்தான் அம்மாவும் கோடை என்று சேர்த்துச் சொல்கிறார்.

கோடு கிடைத்துவிட்டது, கோட்டில் எந்த இடம்? அதற்குக் கல் விட வேண்டும். கயிற்றில் ஒரு கிலோ கல்லைக் கட்டி, அந்தக் கோட்டை விடாமல் மெதுவாகப் போ. கொஞ்ச தூரம் மூன்று பாகம், மூன்று பாகம் என்றே வரும் (இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்). திடீரென்று ஐந்து, ஆறு என்று கயிறு ஓடும். அதுதான் பழைய ஆற்றின் விளிம்பு. அணைக்கு முன்னால் காவேரி ஓடிய பள்ளம் அப்படியே கீழே இருக்கிறது தம்பி. அணை நிரம்பி 120 அடியில் நிற்கும்போது மீன் கரை முழுக்கப் பரவி மேயும். தண்ணீர் இறங்க இறங்க எல்லா ஓடையும் தன் மீனைப் பள்ளத்தில் கொண்டுபோய்க் கொட்டிவிடும். நீ இன்னும் ஓடை வாயில் நிற்கிறாய், மீன் ஆற்றுக்குப் போய்விட்டது.

விளிம்பு கிடைத்த இடத்தில் ஒரு வெள்ளைக் கேனைக் கல் கட்டி மிதக்க விடு. வெளிச்சம் இருக்கும்போதே இந்த வேலையை முடி, இருட்டில் கோபுரம் தெரியாது. வலையை விளிம்புக்குக் குறுக்கே விடாதே, விளிம்பின் ஓரமாக நீளவாட்டில் விடு. பகல் முழுக்க மீன் பள்ளத்தில் இருக்கும். இரவில் மேட்டுக்கு ஏறி மேய்ந்துவிட்டு விடிவதற்குள் பள்ளத்துக்குத் திரும்பும். போகும்போதும் வரும்போதும் அந்த விளிம்பைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

வலை கிழிந்தது பற்றி. கோயிலைச் சுற்றி வலை விடவே விடாதே. அங்கே கல்லும் சுவரும் பனை அடிமரமும் கிடக்கிறது. எனக்குக் கல்யாணமான புதிதில் ஒரு சித்திரையில் புது நரம்பு வலையை அந்தப் பக்கம் விட்டேன். காலையில் இழுத்தால் வரவில்லை. பரிசலை அதைச் சுற்றிச் சுற்றி ஓட்டியும் வரவில்லை. அறுத்துவிட்டு வந்தேன். பல வருடம் கழித்து அணை வறண்டபோது நடந்தே போய்ப் பார்த்தேன். மாடு கட்டி இறைக்கிற ஒரு கவலைக் கிணறு. கிணற்று மேட்டுக் கல்லில் என் வலை சுற்றிக் கிடந்தது, உள்ளே மீன் முள் கூட இல்லாமல் சுத்தமாக. அந்தக் கிணற்றில் கவலை இறைத்தவர் யாரோ, அவருடைய வயல் எங்கே இருந்ததோ என்று நெடுநேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

மீன் குழைவது தண்ணீர்ச் சூட்டினால். தையில் இரவுத் தண்ணீர் குளிர்ந்து கிடக்கும், வலையில் செத்த மீனும் காலை வரை விறைப்பாக இருக்கும். இப்போது கையை விட்டுப் பார், வெதுவெதுப்பாக இருக்கும். பத்து மணிக்குச் செத்த மீன் ஆறு மணிக்கு எப்படி நிற்கும்? இரவில் இரண்டு தடவை எடு. பதினொரு மணி வாக்கில் ஒரு தடவை, நாலு மணிக்கு ஒரு தடவை. தெர்மோகோல் பெட்டியில் நொறுக்கிய ஐஸை அடியிலும் மேலேயும் போட்டுக் கொண்டு போ. ஐஸ் காசு அந்த நாற்பது ரூபாயில் திரும்பி வந்துவிடும்.

பச்சைப் பாசியைப் பார்த்துப் பயப்படாதே, ஆனால் கவனமாக இரு. பகலில் அது தண்ணீருக்குப் பிராணவாயு கொடுக்கும், இரவில் அதுவும் சேர்ந்து இழுத்துக்கொள்ளும். விடிவதற்கு முன்னால்தான் தண்ணீரில் மூச்சு மிகக் குறைவு. அந்த நேரத்தில் காற்றும் இல்லாமல் இருந்தால் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அப்படிப் பார்த்தால் அன்றைக்குப் பாசி ஒதுங்காத எதிர்க்கரைக்குப் போய்விடு. பாசி ஒதுங்கிய பக்கம் வலையில் மாட்டிய மீன் அரை மணி நேரம் கூடத் தாங்காது.

கடைசியாக ஒன்று. தினமும் காலை எட்டு மணி நீர்மட்டத்தைப் பேப்பரில் போடுகிறார்கள். ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் அன்றைக்கு எங்கே விட்டாய், எத்தனை கிலோ என்று எழுதிவை. ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரைதான் பாசனத் தண்ணீர், இப்போது குடிநீருக்கு மட்டும்தான் விடுகிறார்கள். அதனால் நாளுக்கு ஓரிரு அங்குலம் ஒரே சீராக இறங்கும். அடுத்த பங்குனிக்கு அந்த நோட்டே உனக்கு வழி சொல்லும். நான் எழுதாமல் விட்டுவிட்டேன், முப்பது வருடக் கணக்கு என் தலைக்குள்ளேயே இருக்கிறது. உங்கப்பாவுக்கும் அப்படித்தான் ஆகியிருக்கிறது.

நாகமரை:

அண்ணன் சொன்னதில் ஒன்றைத் தவிர எல்லாம் சரி. எதிர்க்கரைக்காரன், அதனால் என் அனுபவம் கொஞ்சம் வேறு.

விளிம்பில் அடி வரைக்கும் இறங்குகிற வலை ரோகுவுக்கும் மிர்காலுக்கும் சரி. கட்லாவுக்கு அது வேண்டாம். கட்லாவின் வாயைப் பாருங்கள், மேல்நோக்கித் திறந்திருக்கும். அது தண்ணீரின் மேல்பகுதியில் மிதக்கிற நுண்ணிய பூச்சிகளைத் தின்கிற மீன். மிர்கால் வாய் கீழ்நோக்கி இருக்கும், சேற்றில் மேயும். காற்றில்லாத பங்குனி இரவில் தக்கையை நெருக்கமாகக் கட்டி, ஈயத்தைக் குறைத்து, வலை மேலேயே நிற்கிற மாதிரி பள்ளத்தின் நடுவில் விட்டுப் பாருங்கள். எனக்குப் போன வருடம் பெரிய கட்லா எல்லாம் அப்படித்தான் கிடைத்தது. இரண்டு வலை இருந்தால் ஒன்று அப்படி, ஒன்று இப்படி.

காற்றைப் பற்றி யாரும் எழுதவில்லை. தம்பி, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறாய், அதனால் அழுத்திச் சொல்கிறேன். பங்குனி, சித்திரையில் காலையில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். மூன்று மணிக்கு மேல் பாலமலைப் பக்கம் மேகம் கறுத்து, காற்று சட்டென்று நின்று, புழுக்கம் கூடினால் பரிசலைக் கரைக்குத் திருப்பிவிடு. வலை போனால் போகட்டும். கோடை மழைக்கு முன்னால் வருகிற அந்தக் காற்று பத்து நிமிடம்தான், ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் பரிசல் உன் பேச்சைக் கேட்காது, சுற்றும். இரண்டு வருடம் முன்னால் நடு அணையில் அப்படி மாட்டிக்கொண்டேன். துடுப்பைப் பரிசலுக்குள் போட்டுவிட்டு, நானும் என் மச்சானும் எதிரெதிராக அடியில் படுத்துக்கொண்டோம். உட்கார்ந்திருந்தால் கவிழ்ந்திருக்கும். ஒட்டனூர்ப் பக்கம் கொண்டுபோய் ஒதுக்கியது. அன்றைக்கு எங்களிடம் மிதவைச் சட்டை இல்லை. மறுநாளே இரண்டு வாங்கினேன். நீயும் இரண்டு வாங்கு, அம்மாவுக்கு முதலில்.

ஆனால் அந்த மழை பெய்து முடிந்த மறுநாள் ஓடை வாய்க்குப் போ. செம்மண் தண்ணீர் கலங்கி இறங்குகிற இடத்தில் கெளுத்தியும் வாளையும் வந்து நிற்கும். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள்.

கொளத்தூர் பையன்:

அண்ணன்மார் எல்லோருக்கும் நன்றி. நாலு நாள் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

கோபுரம் ஒன்றாகிற இடத்தை அம்மாவே கண்டுபிடித்தார். நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அவர் துடுப்பை நிறுத்திவிட்டு "இதுதான்" என்றார். இருபது வருடம் அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்து வந்ததால் அவருக்குக் கோபுரம் எப்போதும் முதுகுப் பக்கம்தான் இருந்திருக்கிறது. திரும்பிப் பார்த்ததே இல்லையாம். நந்தியைத்தான் பார்த்திருக்கிறார். நந்தி வலது தோளுக்கு நேராக வந்தால் அப்பா நிறுத்தச் சொல்வார் என்று அங்கே போன பிறகுதான் ஞாபகம் வந்தது.

முதல் நாள் ஒன்பது கிலோ. இரண்டாம் நாள் இரண்டு தடவை எடுத்ததில் பதினாலு, அதில் ரோகு மட்டும் எட்டு. மீன் விறைப்பாக இருந்தது, வியாபாரி பழைய விலையே கொடுத்தார். மேல் வலையில் மூன்றாம் நாள் ஒரு கட்லா, ஆறரைக் கிலோ. அம்மா வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு முட்டை பிடிக்க ஆரம்பித்திருக்கிறது என்றார். அது மனசுக்குச் சங்கடமாக இருந்தது. இந்த மாதிரி மீனை இப்போது பிடிக்கலாமா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். கல் விடக் கயிறு தேடியபோது அப்பாவின் கூடையில் ஒரு கயிறு கிடைத்தது. ஆட்டைக் கட்டுகிற கயிறு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். சரியாக ஒரு பாகத்துக்கு ஒரு முடிச்சு. ஆறாவது முடிச்சில் சிவப்புத் துணி, நாலாவது முடிச்சில் வெள்ளைத் துணி. விளிம்பில் கல் விட்டபோது தண்ணீர் சரியாகச் சிவப்புத் துணியில் நின்றது. வெள்ளை எதற்கு?

நாகமரை:

முட்டை மீன் பற்றி நான் சொல்கிறேன். கட்லா, ரோகு எல்லாம் நின்ற தண்ணீரில் முட்டை விடாது. தென்மேற்கு மழையில் புது வெள்ளம் ஒகேனக்கல் தாண்டி இறங்கினால்தான் எதிரேறிப் போய் முட்டை விடும். 2018-ல் ஜூன் தொடக்கத்தில் 40 அடியை ஒட்டிக் கிடந்த அணை ஜூலை 23-ல் 120 அடியைத் தொட்டது. அந்த மாதிரி வெள்ளத்துக்கு எத்தனை தாய் மீன் மிச்சமிருக்கிறதோ அத்தனைக்குத்தான் குஞ்சு. பங்குனியில் பிடிப்பதை யாரும் தப்பு சொல்ல முடியாது, நம் பிழைப்பு அது. வைகாசியில் எல்லா மீனும் பள்ளத்தில் ஒடுங்கிய பிறகு சின்னக் கண்ணி வலையையும் அலிவி வலையையும் போட்டு வாரி எடுக்கிறார்களே, அதுதான் தப்பு. உள்ளங்கை அளவு கட்லாவை மூட்டையில் கட்டிக் கொண்டுபோவதை நானே பார்த்திருக்கிறேன். விட்டிருந்தால் அடுத்த தையில் அது நன்றாக வளர்ந்திருக்கும்.

கோட்டையூர் பரிசல்:

எங்கள் அப்பா காலத்தில் கருமுழிக் கெண்டை வலை நிறைய வரும் என்று சொல்வார். காவேரிக்கே உரிய மீன். நான் பிடித்தது மொத்தமே விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். கட்லா நம் ஆற்று மீன் இல்லை, வடக்கே கங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டது. இன்றைக்கு நம் சோறு அதில்தான். அதையும் வாரிவிட்டால் அடுத்து எதை விடுவார்கள் என்று தெரியவில்லை.

வெள்ளைத் துணிக்கு வருகிறேன். நீ கல் விட்ட அதே இடத்தில் இப்போது ஆறு பாகம். இப்படியே இறங்கினால் வைகாசி கடைசியில் அங்கே நாலு பாகம்தான் நிற்கும். எனக்குத் தெரிந்த பழைய ஆட்கள் சிலர் நாலுக்குக் கீழே வந்தால் ஆற்றுப் பள்ளத்தில் வலை விட மாட்டார்கள். வெள்ளம் வரும் வரை கரையில் ஜிலேபி மட்டும் பிடிப்பார்கள், இல்லாவிட்டால் காய்ந்த படுகையில் கம்பு, சோளம் விதைத்த வயலுக்குக் கூலிக்குப் போவார்கள். அந்த இரண்டு மாதம் உங்கப்பா என்ன வேலைக்குப் போனார் என்று அம்மாவைக் கேள்.

கொளத்தூர் பையன்:

கேட்டேன் அண்ணா. வைகாசி கடைசியில் பரிசலைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மாமா வீட்டு நிலக்கடலைக் காட்டுக்குப் போய்விடுவாராம். தண்ணீரில் மீன் இல்லை என்றுதான் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.